சொன்னவர் யார்?

‘அன்றாட வாழ்வில் ஊடகங்களின் செல்வாக்கு.’ இது, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்திக்கு அவளுடைய பேராசிரியர் கொடுத்த கட்டுரைத் தலைப்பு. திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள் அவள். என்னிடம் படித்த ஒருவரின் மகள். நாள்தோறும் பேருந்தில் அருப்புக்கோட்டைக்கு வந்து படிக்கிறாள். எழுதி முடித்த கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து, “பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள், சார்” என்றாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் சிவப்பு மையும் கையுமாக வாழ்ந்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் வேலை வேறு இல்லை. சாய்வு நாற்காலியில் அமர்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். றகர ரகர மயக்கங்களைத் திருத்தினேன். நான்காம் பக்கத்துக்கு வந்தபோது என் பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைப் பின்னர்க் கூறுவேன். அதற்குமுன், அவள் எழுப்பியிருந்த கேள்வியை நேயர்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறேன்.

அவள் செய்திருந்த காரியம் எளியது. ஆயினும் எனக்குத் தோன்றாதது. ஒரு வார காலம் தன் வீட்டுக்குள் வந்த செய்திகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். தந்தை தேநீர்க் கடையில் கேட்டு வந்தது, தாய் தொலைக்காட்சியில் கண்டது, தம்பி கைப்பேசியில் பார்த்தது, அப்பத்தா அண்டை வீட்டிலிருந்து கொணர்ந்தது என எதையும் விடவில்லை. மிளகாய் வற்றலின் விலை, வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, ஒரு நடிகர் வீட்டுத் திருமணம், சர்க்கரை நோய்க்கு ஒரே வாரத்தில் குணம் தரும் பச்சிலை எனச் செய்திகள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சொன்னவர்’ என்று ஒரு கட்டம் போட்டாள். வார முடிவில் பார்த்தபோது, அந்தக் கட்டங்களுள் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. அப்பத்தா கொண்டுவந்த செய்திகளுக்கு மட்டும் கட்டம் போதவில்லை. சொன்னவர் இன்னார், அவருக்குச் சொன்னவர் இன்னார், அவர் கொண்டவன் வழியில் இன்ன உறவு என்று ஓரத்திலும் எழுத வேண்டியிருந்ததாம்.

ஊடகம் என்னும் சொல் புதியது. செய்தி கொண்டுசெல்லும் தொழில் மிகப் பழையது. எங்கள் வறண்ட நாட்டில் என் சிறு வயதில் அத்தொழிலைச் செய்தது தமுக்கு. கண்மாய் மீன் ஏலம், வரி கட்ட வேண்டிய கெடு, அம்மை குத்துவோர் வரும் நாள் ஆகியவற்றை அடித்துச் சொல்லிக்கொண்டு ஒருவர் தெருத் தெருவாக வருவார். அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை அனுப்பியவர் யார் என்பதும் தெரியும். ஐயம் தோன்றினால் தெருமுனையில் நிறுத்திக் கேட்பார்கள். அவரும் நின்று விடை சொல்வார். இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன அந்த மனிதரை ஊர் மதித்து நடத்தியதில்லை. ஒரு குலத்தார் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட பணி அது. 2022 ஆகஸ்டில் தண்டோரா முறையைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அது மிகவும் தாமதமாக வந்த நல்ல காரியம். தமுக்கு ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. நிறுத்திக் கேட்கும் வழக்கம் ஒழிந்ததில்தான் வருத்தம்.

அச்சு வந்தபோது, முகத்தைப் பார்த்துக் கேட்கும் வசதி போயிற்று. அதற்கு ஈடாகச் சட்டம் ஒன்று வந்தது. 1867ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சக, நூற்பதிவுச் சட்டத்தின்படி, அச்சிடப்படும் நூலிலும் இதழிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருத்தல் வேண்டும். நாளிதழின் கடைசிப் பக்கத்து அடியில், எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்தில், அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், ஆசிரியர் இன்னார் என்று ஒரு வரி இருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஆங்கில ஆட்சி அச்சட்டத்தை இயற்றியது நம் மீதுள்ள அன்பினால் அன்று; எவரைப் பிடித்து விசாரிப்பது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. எனினும் அதனால் நமக்கும் ஒரு நன்மை விளைந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அச்சட்டம் நிலைத்திருந்தது. 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனியே உள்ளது. பணியில் இருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நாளிதழைக் கொடுத்து, முதலில் கடைசிப் பக்கத்து அடிவரியைப் படிக்கச் சொல்வேன். “தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு இதைப் போய்ப் படிக்கச் சொல்கிறாரே” என்று அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை உண்டு. அந்தப் பெருமை எவ்வளவு தகுதியுடையது என்பதும் பின்னர்த் தெரியவரும்.

1942ஆம் ஆண்டில் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய ‘தந்தி’ நாளிதழ், பின்னாளில் ‘தினத்தந்தி’ ஆயிற்று. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கத்தக்க நடையில், பெரிய பெரிய தலைப்புகளோடு அது வந்தமையால், எங்கள் ஊர்த் தேநீர்க் கடை ஒரு பள்ளிக்கூடமாகவே மாறிற்று. ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பர். அவர்களுள் மூவர் மறுப்பர். படித்தவர் தொண்டை வறண்டு அடுத்த தேநீருக்குச் சொல்வதற்குள், அந்தச் செய்தி ஊரின் தராசில் ஒருமுறை நிறுக்கப்பட்டுவிடும். தனியே அமர்ந்து மௌனமாகப் படிப்பதே கற்றோர்க்கு அழகு என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இப்போது அதைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு.

இனி வானொலிக்கு வருவோம். நான் இப்போது பேசுவதே வானொலியில் ஆகையால், இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசினால் நேயர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. எங்கள் பகுதிக்கு அண்மையில் ஒலித்தது 1963இல் தோன்றிய திருநெல்வேலி நிலையம். மதுரை நிலையம் 1987இல்தான் வந்தது. அக்காலத்தில் சொந்தமாக வானொலிப் பெட்டி வைத்திருப்பவர், அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். ஆகவே பெட்டி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்க்கெல்லாம் ஊராட்சி மன்றத்து வானொலிதான். மன்றக் கட்டடத்தின்மேல் ஊமத்தம் பூப் போன்ற ஒலிபெருக்கி இருக்கும். மாலையில் கம்பங்காட்டிலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும் திரும்புவோர் அதனடியில் துண்டை விரித்து அமர்வார்கள். உழவர் நிகழ்ச்சி, சந்தை நிலவரம், செய்தி, பின்னர்ச் சிறிது நேரம் பாட்டு. அவ்வளவுதான்; அதற்குமேல் வேண்டுமென்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

பாட்டு வேண்டுவோர்க்கு இலங்கை இருந்தது. 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றை ஒடுக்கினார். நாட்டு மக்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்துவிட்டார்கள். பின்னர் 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கி, திரைப்பாடல்கள் இங்கும் ஒலிக்கலாயின. ஆயினும் தென்மாவட்டங்களில் இலங்கையின் பிடி எளிதில் தளரவில்லை. பி. எச். அப்துல் ஹமீது, கே. எஸ். ராஜா ஆகியோருடைய குரல்களை உறவினர் குரலைப் போல நாங்கள் அடையாளம் காண்போம். கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒலி இரவில் எங்ஙனம் அத்துணைத் தெளிவாகக் கேட்டது என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நிலத்தைவிட உப்புநீர் மின்னோட்டத்துக்கு நன்கு இடம் தரும். ஆதலால் மத்திய அலை கடற்பரப்பின்மீது வலுக் குன்றாமல் நெடுந்தொலைவு செல்லும். அன்றியும், பகலில் கதிரவன் ஒளியால் வானின் மேலடுக்கு ஒன்று மின்னேற்றம் பெற்று இவ்வலைகளை விழுங்கிவிடுகிறது. இரவில் அவ்வடுக்கு மறைந்துபோவதால், அலைகள் இன்னும் மேலே சென்று, அங்குள்ள அடுக்கில் மோதித் திரும்பி நிலத்துக்கு வருகின்றன. வயிற்றுக்குச் சோறு தராத வறண்ட வானம், செவிக்காவது இதைத் தந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

வானொலியின் செல்வாக்குக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் சான்று தஞ்சை மாவட்டத்தில் உண்டு. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டது. வானொலிப் பண்ணை நிகழ்ச்சிகள் அதன் பெருமையையும் பயிரிடும் முறையையும் இடைவிடாது எடுத்துரைத்தன. உழவர்கள் அதற்கு ‘வானொலி நெல்’ என்றே பெயரிட்டுவிட்டார்கள். காவிரி பாயாத எங்கள் பக்கத்துக்கு அந்த நெல்லால் ஒரு பயனும் இல்லை, அது வேறு. வெறும் ஒலிபரப்பினாலா அந்த நெல் பரவிற்று? வானொலியில் கேட்டதை மறுநாள் வயலுக்கு வரும் கிராம சேவகரிடம் கேட்டுத் தெளியலாம். அண்டை வயலில் போட்டவனைக் கேட்கலாம். விதை தரும் கிடங்கில் கேட்கலாம். கேட்டதைச் சரிபார்க்க ஆள் இருந்தமையால்தான் கேட்டது விளைந்தது என்று நான் கருதுகிறேன்.

வானிலை அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ஐப்பசி மழையை நம்பி விதைப்பவர்கள் நாங்கள். குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது திருவிழாவைப் போல எப்போதாவது வரும் நிகழ்ச்சி. அறிக்கை பொய்த்த மறுநாள் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், “அந்த மழை ரேடியோவுக்குள்ளேயே பெய்துவிட்டது” என்பார். நகைச்சுவைதான். ஆனால் அந்த நகைச்சுவைக்குள், குறை சொல்ல ஓர் ஆள் இருக்கிறான் என்னும் நிம்மதியும் இருந்தது. செய்திக்கு முன்னர் நிலையத்தின் பெயரைச் சொல்வார்கள். வாசிப்பவரும் தம் பெயரைச் சொல்வார். தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி 2022இல் மறைந்தபோது, அவரை ஒருநாளும் கண்டறியாத எங்கள் தெருவில் அன்று மாலை அதுவே பேச்சாக இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டுச் செய்தியைச் சொன்னவர் அவர்.

திரைப்படத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால், அருப்புக்கோட்டைக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை இழந்துவிடுவேன். 1977ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் எம். ஜி. இராமச்சந்திரன் போட்டியிட்டது எங்கள் தொகுதியில். வென்று, அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. வாக்குரிமை வயது இருபத்தொன்றாக இருந்த காலம். ஆதலால் வேடிக்கை பார்ப்பது ஒன்றே என் பங்கு. அவருடைய வெற்றிக்குக் காரணம் வெள்ளித்திரை மட்டுமே என்று பட்டணத்துப் படிப்பாளிகள் சிலர் எழுதினார்கள். நாட்டுப்புற மக்களை அறியாதவர்கள் பேச்சு அது. மக்களுக்கு வேறு கணக்குகளும் இருந்தன. ஆயினும் ஒன்றை நான் கண்ணால் கண்டேன். கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து படம் பார்த்த மூதாட்டிகள், திரையில் அவர் பேசிய சொற்களை உரையாடல் எழுதியவருடைய சொற்களாகவோ, கதை மாந்தருடைய சொற்களாகவோ கொள்ளவில்லை; அவருடைய சொற்களாகவே கொண்டார்கள். சொல்லை எழுதியவர் ஒருவர், சொல்பவர் ஒருவர். நம்பிக்கை முழுவதும் சொல்பவருடைய முகத்தின்மேல் சென்று அமர்ந்தது. மனித இயல்பு அது. நாம் சொல்லை நிறுப்பதற்குமுன் வாயை நிறுக்கிறோம்.

தொலைக்காட்சி 1975இல் சென்னைக்கு வந்தது; 1980களில் கொடைக்கானல் மலைமேல் எழுந்த கோபுரத்தின் வாயிலாக எங்களுக்கும் எட்டியது. அதைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். மாலை நேரத்தில் திண்ணைகள் காலியானதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

கைப்பேசிச் செய்தியின் தன்மை இவை எல்லாவற்றினின்றும் வேறானது. வாட்ஸ்அப் போன்ற செயலியில் ஒருவர் தமக்கு வந்ததை மற்றவர்க்கு அப்படியே தள்ளிவிடலாம். அவ்வாறு தள்ளும்போது, முதலில் எழுதியவரின் பெயர் உடன் செல்வதில்லை. தள்ளியவரின் பெயர் மட்டுமே பெறுபவரின் கண்ணில் படும். பத்தாவது கைக்கு வரும்போது, அது பத்தாமவர் சொன்னதாகவே தோன்றும். அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி இடையில் எவரும், அந்த நிறுவனத்தாரே கூட, படிக்க இயலாத வண்ணம் 2016 முதல் அச்செய்திகள் மறைகுறியில் செல்கின்றன. தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு அது நல்ல காவல். நான் குறை கூற மாட்டேன். ஆனால் கடைசிப் பக்கத்து அடிவரி இல்லாத செய்தித்தாள் ஒன்று கோடிக்கணக்கில் அச்சாகி, ஒவ்வொரு படியும் நமக்கு வேண்டியவர் ஒருவர் கையாலேயே நம் வீட்டுக்குள் வந்து சேர்வதாக எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ அதுதான் இது.

2018ஆம் ஆண்டில் இந்தியாவின் பல பகுதிகளில் ஓர் அச்சம் இவ்வழியே பரவிற்று. குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் வெளி மாநிலங்களிலிருந்து வந்திருக்கிறது என்பது செய்தி. அதனுடன் ஒரு சிறு படம். தெருவில் விளையாடும் பிள்ளைகளின் நடுவே இருவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு விரைகிறார்கள். உண்மையில் அப்படம் கராச்சி நகரில் ஒரு தொண்டு நிறுவனம் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். இறுதியில் அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, ஓர் அறிவிப்பு அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்த இறுதிப் பகுதியை எவரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். கடிதத்தின் முடிவை மட்டும் கிழித்துவிட்டால் எச்சரிக்கையும் மிரட்டலாகிவிடும் அல்லவா?

அவ்வாண்டு மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வத்தை வழிபடக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்பதற்காக நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர்கள் இனிப்புக் கொடுத்தார்கள். அதைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்கியது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். ஜூலை முதல் நாள் மகாராட்டிர மாநிலம் துலே மாவட்டத்து ரெயின்பாடா என்னும் சிற்றூரில் ஐவர் இவ்வாறே கொல்லப்பட்டார்கள். அதன் பின்னரே, தள்ளப்பட்ட செய்தி இது என்று காட்டும் குறிப்பும், ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ள முடியாது என்னும் வரம்பும் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பது குற்றம் என்று நம் முன்னோர் எவரும் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இனி அந்த நான்காம் பக்கம்.

அதில் அவள் தன் ஊரில் நடந்ததை எழுதியிருந்தாள். 2018 மே மாதக் கடைசி. அவளுக்குப் பன்னிரண்டு வயது. வடநாட்டுக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் மார்கழியில் மிதிவண்டியில் வந்து தவணைக்குப் போர்வை விற்பார். கோடையில் வந்து பாக்கியை வசூல் செய்வார். அவ்வாண்டும் வந்தார். பொழுது சாயும் வேளை. கோயில் திடலில் ஓடிப் பிடித்து விளையாடிய சிறுவர்கள் அருகில் வண்டியை நிறுத்தி, ஒரு வீட்டுக்கு வழி கேட்டார். சிறிது நேரத்தில் ஊர் கூடிவிட்டது. அவரை வேப்ப மரத்தில் கட்டினார்கள், அடித்தார்கள். அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழும் அச்சத்தில் மறந்துபோயிற்று. அப்போது அவளுடைய அப்பத்தா, காலையில் வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்கும் கிழவி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து மரத்துக்கும் மக்களுக்கும் நடுவே நின்றாள். “இவன் எனக்குப் போர்வை கொடுத்தவன்டா. நாலு வருசமா வாரான். என் பேரை இவன்கிட்டக் கேளுங்க, சொல்லுவான்” என்றாள். கூட்டத்தில் ஓர் இளைஞன் தன் கைப்பேசியை உயர்த்திக் காட்டினான். “உனக்கு என்ன தெரியும், அப்பத்தா? ஹெட்மாஸ்டர் சாரே அனுப்பியிருக்காரு, பாரு.” அதற்குக் கிழவி கேட்டாளாம்: “அவரு நேர்ல பாத்தாரா?”

விடை சொல்ல எவரும் இல்லை. அந்தச் சிறு அமைதியில் கட்டை அவிழ்த்தார்கள். காவலர் வந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். உயிருக்குக் கேடில்லை, முன்பல் இரண்டு போயின.

கட்டுரையில் ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்’ என்று மட்டுமே இருந்தது. அந்த ஒருவர் நான்.

2017இல் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் பழைய மாணவர்கள் ஒரு கைப்பேசியைப் பரிசளித்து, தங்கள் குழுவிலும் என்னைச் சேர்த்தார்கள். அடுத்த கோடையில் அந்தப் படமும் செய்தியும் எனக்கு வந்தன. பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வந்து வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த நேரம். படித்ததும் நெஞ்சு பதைத்தது. உடனே குழுவுக்கு அனுப்பினேன். வெறுமனே அனுப்பவில்லை. பெற்றோர் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று இரண்டு வரிகள் பிழையற்ற தமிழில் சேர்த்தேன். அதன் கீழே என் பெயரையும், தலைமையாசிரியர் (ஓய்வு) என்பதையும் எழுதினேன். கையொப்பம் இல்லாமல் எதையும் வெளியே அனுப்பிப் பழகாதவன் நான். தாயும் தந்தையும் தெரியாமல் அலைந்த ஒரு பொய்க்கு அடிவரி வேண்டியிருந்தது. அதை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தைப் படி என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த வாத்தியார் செய்த வேலை இது.

போர்வைக்காரரை அடித்த செய்தி அப்போதே என் காதுக்கு வந்தது. “மூடர்கள்” என்று சொன்னேன். என் பெயர் அங்கே உயர்த்திக் காட்டப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. ஏழாண்டுக்கு மேல் அந்தச் சொல்லை நான் பிறர்மேல் வைத்திருந்தேன்.

சொல்பவர் எவராயினும், சொல்லப்பட்டதன் உண்மையை ஆராய்ந்து தெளிவதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும் குறளை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். உரையாசிரியர்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். தேர்வில் அது மனப்பாடப் பகுதி. ஆனால் அந்தக் குறளைக் கேட்பவனுடைய பக்கத்திலிருந்தே நான் விளக்கினேன். ஏமாறாதே என்பதே என் உரை. நாமே அந்த ‘எவராயினும்’ ஆகிவிடும் நாள் ஒன்று வரும் என்று சொல்லித் தர எனக்குத் தோன்றவில்லை. நம்பத்தக்கவர் என்று பெயர் எடுத்தவருடைய வாய் ஊருக்குப் பொதுக் கிணறு போன்றது. அதில் விழுந்தது எல்லோர் குடத்துக்கும் போகும். பள்ளிக்கூடத்து வாத்தியார், அஞ்சலகத்துக்காரர், மருத்துவமனைச் செவிலி, ஊர்ப் பூசாரி ஆகியோர்க்கு இது கூடுதலாகப் பொருந்தும். எழுத்தறியாத அந்த மூதாட்டி கேட்ட கேள்வியில் இரு கூறுகள் இருந்தன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சொன்னவர் யார் என்பதோடு அவள் நிற்கவில்லை. சொன்னவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டாள். முதற் கேள்விக்கு அந்த இளைஞனிடம் விடை இருந்தது; என் பெயர் இருந்தது. இரண்டாம் கேள்விக்குத்தான் விடை இல்லை. பேத்தி தன் குறிப்பேட்டில் போட்ட ‘சொன்னவர்’ கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டியிருந்தது. திருத்தம் என்று நான் அவளுக்குச் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றே.

மறுநாள் அவள் வந்தபோது, “இதில் பெயரை ஏன் எழுதவில்லை, அம்மா?” என்று கேட்டேன். தலை கவிழ்ந்து, “எழுதினால் குற்றம் சொல்வது போல் ஆகிவிடும், சார்” என்றாள். ‘ஒருவர்’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, என் பெயரை அங்கே எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அதை ஏற்றாரா, கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்பதையெல்லாம் நான் கேட்கவில்லை. அன்றிரவே பழைய மாணவர் குழுவுக்கும் எழுதினேன். 2018இல் நான் அனுப்பிய செய்தி பொய்யானது, ஆராயாமல் அனுப்பியது என் பிழை என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். கூப்பிய கைகள் நாற்பதுக்கு மேல் வந்தன. ஒருவர் மட்டும், “எந்தச் செய்தி, சார்?” என்று கேட்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி அந்த ஊருக்குச் சென்றேன். கிழவி என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, முதலில் மோர் கொடுத்தாள். நடந்ததை நான் சொல்லத் தொடங்கியதும், “பேத்தி சொன்னா, வாத்தியாரய்யா” என்று அடக்கிவிட்டாள். போர்வைக்காரருடைய பெயரைக் கேட்டேன். சொன்னாள். அவருடைய ஊருக்கு இரயிலில் இரண்டு இரவு போக வேண்டும் என்பதையும், அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்பதையும் சொன்னாள். அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவே இல்லையாம். போர்வை நானூற்றைம்பது ரூபாய், முந்நூறு கொடுத்தாயிற்று. மீதி நூற்றைம்பது ரூபாயை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, மறுபடியும் சுருக்குப் பைக்குள் வைத்து முடிந்துகொண்டாள்.